ரக்ரர் பெட்டிக்கு ஸ்பிரிங் வேலை கொடுக்கிறீர்களா? கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்குங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ரக்ரர் பெட்டி வைத்திருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். காலபோக வெட்டு முடிந்து பலரும் பெட்டியைத் திருத்தக் கொடுக்கிற நேரம் இது. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் இதே பெட்டிகளில்தான் பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவோம்.

எங்களுடையது ஒற்றை அச்சுப் பெட்டி. ஊருக்குத் திரும்பிய பிறகு 2012 இல் வாங்கியது. அதற்கு முன்பு இருந்ததை 2009 இல் புதுக்குடியிருப்புக்கு அப்பால் றோட்டோரம் விட்டுவிட்டு நடந்தோம். இடம்பெயர்ந்து திரிந்த மாதங்களில் அந்தப் பெட்டிதான் எங்களுக்கு வீடு. மேலே தறப்பாள், உள்ளே அம்மாவும் பிள்ளைகளும் நெல் மூடையும். அதனால் இந்தப் பெட்டியை ஒரு மழைக்கும் வெளியே விட்டதில்லை.

கார்த்திகையில் பெட்டி இடது பக்கம் சரியத் தொடங்கியது. வெறும் பெட்டியாக இழுத்தாலும் பள்ளத்தில் இரும்போடு இரும்பு அடிக்கிற சத்தம். இடது ரயரின் உட்பக்கம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. குனிந்து பார்த்தேன். ஸ்பிரிங் பிளேட்டின் முனையில் இருக்கிற வளையக் கண்ணுக்குள் குழாய் மாதிரி ஒரு உறை, அதாவது புஷ் இருக்கும், அதற்குள்ளால் பின் போகும். பாரம் ஏறினால் வளைந்த பிளேட் நிமிர்ந்து நீளும். அதற்கு இடம் கொடுக்கத்தான் ஒரு முனையில் சக்கிள் என்கிற ஆடும் இணைப்புத் துண்டு இருக்கிறது. எங்கள் பெட்டியில் புஷ் முழுதாகத் தேய்ந்து, பின் கண்ணையே அரித்து, ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டது. அச்சு அங்குமிங்கும் அசைந்தால் ரயர் தேயத்தானே செய்யும்.

ஏ9 வீதிக்கரையில் ஒரு கராச்சில் காட்டினேன். “அண்ணை, புஷ், பின், சக்கிள், யூ போல்ட் எல்லாம் புதுசாப் போட்டுத் தாறன். பிளேட்டும் இறங்கிப்போச்சு, அதையும் வளைச்சு எடுப்பம்” என்றார். யூ போல்ட் என்பது பிளேட்டுகளையும் அச்சையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கிற வளைந்த போல்ட். 62,000 ரூபாய், அரைவாசி முற்பணம். மூன்று நாள் என்றவர் பதினொரு நாள் வைத்திருந்தார். வெட்டு நெருங்கியதால் நானும் அவசரப்பட்டேன். எடுக்கப் போனபோது அடிப்பகுதி முழுக்கக் கறுப்புப் பெயின்ற் தடிப்பாக அடித்திருந்தது. பில் துண்டில் “ஸ்பிரிங் வேலை 62,000” என்று ஒரே வரி. பழைய சாமான் எங்கே என்று கேட்டதற்கு, “பழைய இரும்புக்காரன் வந்தவன், குடுத்திட்டம்” என்றார். அந்த இடத்திலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தை மாதம் இரண்டாவது நடை. 40 மூடை நெல். வாய்க்கால் ஓரக் கிறவல் றோட்டில் வரும்போது படீரென்று ஒரு சத்தம். வலது பக்க மெயின் பிளேட், அதாவது கண் உள்ள நீளமான பிளேட், இரண்டாகிவிட்டது. அச்சு பின்னுக்குப் போய், ரயர் பெட்டியில் முட்டி, பெட்டி சாய்ந்தது. பத்துப் பன்னிரண்டு மூடை வாய்க்காலுக்குள். மூடைகளுக்கு மேல் இருந்த என் தம்பியின் மகன் குதித்ததில் கணுக்கால் முறிந்தது. பதினாறு வயது. நெல் போனது போகட்டும், பெட்டி அவன் பக்கமாகச் சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நித்திரையில் வருகிறது.

எங்கள் ஊரில் வயதான ஒரு மெக்கானிக் இருக்கிறார். அவர்தான் பெயின்ற்றைச் சுரண்டி ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினார். புஷ் என்று போட்டிருந்தது வெட்டிய தண்ணீர்க் குழாய்த் துண்டு, சுற்றிவரக் கிறீஸ் அப்பியிருந்தது. பின் பழையதுதான், தேய்ந்த பக்கத்தைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். சக்கிளின் தேய்ந்த ஓட்டைக்கு மேல் ஒரு வாஷரை வைத்து ஒட்டியிருந்தார்கள். யூ போல்டில் நட் மட்டும் புதிது. பிளேட்டைக் காஸ் அடித்துச் சூடாக்கி வளைத்திருந்தார்கள். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய அநியாயம். ஸ்பிரிங் உருக்குக்கு வளைந்து திரும்புகிற குணம் அதற்குக் கொடுத்த பதத்தால் வருகிறது. நெருப்புக் காட்டினால் பதம் போய்விடும். பிறகு ஒன்று சீக்கிரம் இறங்கும், இல்லையென்றால் முறியும். எங்களுடையது சூடு காட்டிய இடத்திலேயே முறிந்திருந்தது.

திரும்பிப் போய்க் கேட்டேன். “நீங்கள் பாரம் கூட ஏத்தினதுக்கு நான் என்ன செய்யிறது?” என்று கேட்டார். என்ன சாமான் போட்டார் என்று அந்தத் துண்டில் ஒன்றுமே இல்லையே, எதை வைத்து வாதாடுவது? நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லியிருக்கிறேன்.

பெட்டியைக் கொடுக்க முன்பு அடிப்பகுதியைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பின்னிலும் சக்கிளிலும் அரத்தால் ஒரு கீறல் போட்டு விடுங்கள். பழையதையே திருப்பிப் போட்டால் தெரிந்துவிடும். நீங்கள் பார்க்கும்வரை பெயின்ற் அடிக்க விடவேண்டாம். துண்டில் ஒவ்வொரு சாமானும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். இறங்கிய பிளேட்டை மாற்றச் சொல்லுங்கள், நெருப்பில் வளைக்க விடவேண்டாம். ஒருமுறை இறுக்கிய யூ போல்டும் இழுபட்டிருக்கும், அதையும் புதிதாகவே போடவேண்டும். வேலை முடிந்ததும் ஒரு அளவு நாடாவை எடுத்து, பெட்டியைக் கொழுவுகிற ஓட்டையிலிருந்து அச்சின் இரண்டு முனைகளுக்கும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். எங்கள் பெட்டியில் ஒன்றரை அங்குலம் வித்தியாசம்.

இப்போது கிறீஸ் நிப்பிளோடு பித்தளை புஷ் போட்டிருக்கிறது. மூன்று நடை பாரம் ஏற்றிய பிறகு அந்த மெக்கானிக் திரும்ப வரச் சொல்லி யூ போல்டுகளை இறுக்கினார். ஒவ்வொரு நட்டும் இன்னும் அரைச் சுற்று ஏறியது. குழாய்த் துண்டுகளையும் முறிந்த பிளேட்டையும் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன், முறைப்பாட்டை விசாரிக்கக் கூப்பிட்டால் கொண்டுபோக.