இலவச எஸ்டிமேட்டுன்னு வந்தா உஷாரா இருங்க, எனக்கு 11,300 ரூபா போச்சு

ஜிப்சம் போர்டு தடுப்பு போடப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போடுங்க. கடைப் பேரு சொல்லல, வக்கீல் நோட்டீசு பார்க்க எனக்கு நேரமில்ல. "அளவு எடுத்துக் கொடுக்கிறது இலவசம்"னு போர்டு மாட்டியிருக்கிற இன்டீரியர் சாமான் கடை, அவ்வளவுதான்.

மதுரை விளாங்குடியில எங்க வீட்டு மாடி ஹாலைத் தடுத்து மகளுக்குப் படிக்க ஒரு ரூம். 14 அடி நீளம், 10 அடி உயரம், நடுவுல ஒரு கதவு. இதுக்கு அந்தக் கடையிலேருந்து ஒரு பையன் வந்தான். சிவப்புப் புள்ளி அடிக்கிற மெஷினை வச்சு அளந்தான். எங்க அத்தை மோர் கொடுத்ததும், "நம்ம ஊருக்காரங்களையே ஏமாத்துவோமாக்கா? ஒரு போர்டு மிஞ்சினாலும் நானே வண்டி கொண்டாந்து எடுத்துட்டுப் போறேன்"னான். அத்தை முன்னாடி சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் முழுப் பணத்தையும் ஜிபே பண்ணேன்.

வந்து இறங்கினது 26 போர்டு. வேலைக்கு வந்த உசிலம்பட்டித் தம்பி பார்த்துட்டு, "என்னக்கா, ரெண்டு ரூமுக்கா எடுத்திருக்கீங்க?"ன்னு சிரிக்கிறாப்ல. அவருக்குச் செலவானது 12. அப்புறம் பில்லைப் பிரிச்சுப் பார்த்தா விஷயம் புரியுது. ரெண்டு பக்கமும் சேர்த்து 280 சதுர அடி. அதைத் திரும்பவும் "ரெண்டு பக்கம்"னு 2-ஆல பெருக்கி 560 ஆக்கியிருக்கான். கதவைக் கழிக்கவே இல்ல. அதுக்கு மேல வேஸ்டுக்கு 10 சதவீதம் வேற! ஸ்டட்டும் (போர்டை மாட்ட நெட்டுக்கு நிக்க வைக்கிற சட்டம்) அப்படித்தான், 10 போதும்கிற இடத்துல 20. பேஸ்ட், ஸ்க்ரூ எல்லாம் அதே விகிதத்துல. கூட்டிப் பார்த்தா 11,300.

போன் பண்ணா அந்தப் பையன், "நான் அளவு மட்டும்தான்க்கா, சேல்ஸ் வேற"ங்கிறான். சேல்ஸ்ல கேட்டா "மேனேஜர் லஞ்ச்ல இருக்காரு". சாயங்காலம் நாலரைக்கும் லஞ்ச்! நேர்ல போனா, "உடையிற பொருள் மேடம், லோடு இறக்கிட்டா ரிட்டர்ன் எடுக்க மாட்டோம், பில்லு பின்னாடியே போட்டிருக்கே". எறும்பு சைஸ்ல போட்டிருக்கு. அத்தை முன்னாடி கொடுத்த வாக்கைச் சொன்னேன். "அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரே"ன்னு என்னையே பொய்க்காரி ஆக்கிட்டாங்க. இப்போ வாட்ஸ்அப்புல ப்ளூ டிக் விழுது, பதில் இல்ல. 11,300 ரூபாங்க, மகளோட டியூஷன் பீஸ் அது. நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர் 1915-ல புகார் கொடுத்திருக்கேன், பார்ப்போம்.

என்ன பார்க்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்துல கை ஓடல. சுருக்கமாச் சொல்றேன். 6-க்கு 4 போர்டு ஒண்ணு 24 சதுர அடி. நீளத்தை உயரத்தால பெருக்கி, ரெண்டு பக்கத்துக்கும் ஒரே ஒரு தரம் 2-ஆல பெருக்கி, கதவைக் கழிச்சு, மிச்சத்தை 24-ஆல வகுங்க, ஒண்ணு ரெண்டு கூட வச்சுக்கங்க. ஸ்டட் 2 அடிக்கு ஒண்ணு, கதவுக்கு ரெண்டு பக்கமும் கூடுதலா. ஈரம் தாங்குற பச்சை போர்டு பாத்ரூம் பக்கத்துக்கு மட்டும் போதும். திருப்பி எடுக்கிறதைப் பில்லுலயே எழுதி வாங்குங்க. வேலை செய்றவர்கிட்ட ஒரு தரம் காட்டாம பணம் அனுப்பாதீங்க.

மிச்சம் 14 போர்டும் மாடிப்படிக்குக் கீழ கிடக்கு, மழை வந்து நனைஞ்சா அதுவும் போச்சு. விளாங்குடி, கூடல்நகர் பக்கம் யாருக்காவது வேணும்னா இன்பாக்ஸ்ல வாங்க, பாதி விலைக்குத் தாரேன்.