ஃபாக்ஸ் 34 ரிதம் ஃபோர்க்கும் ஷிமானோ டியோர் நான்கு பிஸ்டன் பிரேக்கும்: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

என் மலைச் சைக்கிளின் ஃபோர்க்கையும் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும், அமுங்கி எழும் சஸ்பென்ஷன்) பிரேக்கையும் சேர்த்தே எழுதுகிறேன். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்ததும் உடல் எடை முன்பக்கம் சாய்ந்து ஃபோர்க் அமுங்குகிறது. அந்த நேரத்தில் ஃபோர்க் கல்லுக்குக் கல் துள்ளினால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். அந்தரத்தில் நிற்கும் சக்கரத்தை எவ்வளவு நல்ல பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்காது. என் அனுபவத்தில் பாதி பிரேக் பிரச்சினைகள் ஃபோர்க்கில்தான் தொடங்கின.

இதற்கு முன்னால் வைத்திருந்த ஃபோர்க்கில் நான்கு திருகுகள் இருந்தன. பெயர் வேண்டாம். இரண்டு வருடம் ஓட்டியும் அதில் இரண்டு திருகுகள் என்ன செய்கின்றன என்று எனக்குக் கடைசிவரை உறைக்கவில்லை. சர்வீஸுக்குக் கொடுத்தபோது ஐந்து வாரம் வைத்திருந்தார்கள். திரும்பி வந்த அன்றே ஒரு காலில் எண்ணெய் கசிந்தது. அடுத்தது வாங்கும்போது நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: இதை என் கையால் திறந்து மூட முடியுமா?

அப்படித்தான் ஃபாக்ஸ் 34 ரிதம் வந்தது. 34 என்பது ஃபோர்க்கின் கீழ்க்காலுக்குள் ஏறி இறங்கும் மேல்குழாயின் விட்டம், மில்லிமீட்டரில். உள்ளே, அமுங்கி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்த, கிரிப் டேம்பர். மேலே அமுக்கத்தை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு லீவர், கீழே ரீபவுண்டுக்கு (அமுங்கிய ஃபோர்க் திரும்பி எழும் வேகத்துக்கு) ஒரு திருகு, அவ்வளவுதான். என்னுடையது 140 மி.மீ. டிராவல், அதாவது ஃபோர்க் அமுங்கக்கூடிய தூரம். "160 போடு, இறக்கத்தில் தைரியமாக இருக்கும்" என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. 20 மி.மீ. கூட்டினால் ஹெட் ஆங்கிள் (ஃபோர்க் நிற்கும் கோணம்) ஏறக்குறைய 1 டிகிரி சாய்ந்துவிடும், பெடல் அச்சும் உயரும், ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும். ஃபிரேம் எந்த டிராவலுக்கு வடிவமைக்கப்பட்டதோ அதையே வாங்குங்கள். கூடவே ஸ்டீரர் குழாய் (ஃபிரேமுக்குள் போகும் குழாய்) டேப்பர்டா, அதாவது அடியில் அகலும் வகையா, ஆக்சில் 15x110 பூஸ்டா (15 மி.மீ. தடிமன், 110 மி.மீ. அகலம்) என்று உங்கள் ஃபிரேமிலும் முன்சக்கரத்திலும் பார்த்துவிடுங்கள். இவை பொருந்தாவிட்டால் மற்ற எதைப் பற்றியும் யோசித்துப் பயனில்லை.

காற்று விஷயத்தில் முதல் வாரம் தடுமாறினேன். ஏறி நின்றதும் நம் எடைக்கு ஃபோர்க் தாழ்வதை 'ஸாக்' என்பார்கள். ஃபாக்ஸ் சொல்லும் அளவு 15 முதல் 20 சதவீதம், அதாவது 140 டிராவலுக்கு 21 முதல் 28 மி.மீ. காற்றை ஒரே மூச்சில் அடித்துவிட்டு அளந்தால் தப்பாகத்தான் வரும். உள்ளே பாசிட்டிவ், நெகட்டிவ் என்று இரண்டு அறைகள் இருக்கின்றன. ஃபோர்க் அமுங்கும்போதுதான் மேலறைக் காற்று கீழறைக்குப் போய்ச் சமமாகும். அதனால் கொஞ்சம் அடித்து, கால்வாசி டிராவல்வரை பத்துமுறை மெதுவாக அமுக்கி, மறுபடி அடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஓட்டியதால்தான் ஃபோர்க் விறைப்பாக இருந்தது. நான் தயாரிப்பைச் சந்தேகப்பட்டேன், தப்பு என்னுடையது. இன்னொன்று: ஷாக் பம்பைக் கழற்றும்போது கேட்கும் 'புஸ்' சத்தம் பம்பின் குழாயில் இருந்த காற்று. ஃபோர்க்கிலிருந்து போகவில்லை, பயப்பட வேண்டாம். என் எடை 78 கிலோ, 74 பிஎஸ்ஐயில் நிறுத்தியிருக்கிறேன்.

ரீபவுண்டை முழுக்க மூடி, அங்கிருந்து எண்ணித் திறக்க வேண்டும். ஃபாக்ஸ் தரும் அட்டவணையில் காற்றழுத்தத்துக்கு இத்தனை கிளிக் என்று இருக்கும், அதிலிருந்து தொடங்கினால் போதும். சின்னத் துள்ளலிலேயே டிராவல் கடைசிவரை போய் முட்டுகிறது என்றால் காற்றைக் கூட்டாமல் உள்ளே காற்றறையின் இடத்தைக் குறைக்கும் ஒரு வால்யூம் ஸ்பேசர் போடுங்கள். தொடக்கத்தின் மென்மை அப்படியே இருக்கும், கடைசிப் பகுதி மட்டும் இறுகும்.

இனி எனக்கு மிகப் பிடித்த பகுதி, கீழ்க்கால் சர்வீஸ்: மேல்குழாய்கள் நுழைந்திருக்கும் கீழ்க்கால்களைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றுவது. 125 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது வருடம் ஒருமுறை என்பது நிறுவனத்தின் கணக்கு. சேற்றில் ஓட்டும் மாதங்களில் நான் 60 மணியிலேயே திறந்துவிடுகிறேன். காற்றை முழுக்க இறக்கிவிட்டு, அடியில் உள்ள நட்டுகளைச் சில சுற்று மட்டும் தளர்த்தி, பிளாஸ்டிக் சுத்தியால் தட்டினால் தண்டு விடுபடும். அப்புறம் கீழ்க்கால்களை உருவிவிடலாம். முதல்முறை உருவியபோது வந்த எண்ணெய் சாம்பல் நிறத்தில் கஞ்சி போல இருந்தது. சீலுக்குக் கீழே இருக்கும் பஞ்சு வளையம் காய்ந்து கிடந்தது. அந்த வளையம்தான் மேல்குழாய்க்கு ஒவ்வொரு அசைவிலும் எண்ணெய் பூசுகிறது. அது காய்ந்தால் உலோகப் பூச்சு தேய ஆரம்பிக்கும், தேய்ந்த குழாயை எந்த எண்ணெயும் சரிசெய்யாது. வளையத்தைச் சுத்தம் செய்து, எண்ணெயில் ஊறவைத்து, உங்கள் மாடலுக்குக் கையேடு சொல்லும் அளவை சிரிஞ்சில் அளந்து ஊற்றி, அடி நட்டுக்குப் புது வாஷர் போட்டு மூட வேண்டும். பழைய வாஷரையே போட்டால் கசியும். ஒன்றரை மணி நேர வேலை. மறுநாள் வேர்கள் நிறைந்த பாதையில் போனபோது கைகளில் வழக்கமாக வரும் நடுக்கம் வரவில்லை.

பிரேக்குக்கு வருவோம். டியோர் எம்6120, டிஸ்கின் இருபுறமும் பேட்களை அழுத்த நான்கு பிஸ்டன், முன்னால் 203 மி.மீ. டிஸ்க், பின்னால் 180. பெரிய டிஸ்க் போடுவதற்கு முன் ஃபோர்க் அந்த அளவைத் தாங்குமா என்று கையேட்டில் பாருங்கள். லீவரை ஒரு விரலால் பிடித்தாலே போதுமான பலம் கிடைக்கிறது. ஷிமானோவின் விலை கூடிய எக்ஸ்டி பிரேக்கையும் ஓட்டிப் பார்த்தேன். நிறுத்தும் பலத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

லீவரின் அழுத்தத்தை பிஸ்டனுக்குக் கொண்டுபோக இதில் மினரல் ஆயில் என்பது நான் இதை வாங்கியதற்குப் பெரிய காரணம். வேறு சில பிரேக்குகளில் வரும் டாட் திரவம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், நாளாக ஆக அதன் கொதிநிலை குறையும், பெயிண்டில் பட்டால் அரிக்கும். மினரல் ஆயிலில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் உள்ளே எப்படியாவது தண்ணீர் போய்விட்டால் அது கலக்காமல் அடியில் இருக்கும் காலிப்பரில் (பிஸ்டன்களும் பேட்களும் உள்ள பகுதி) போய்த் தங்கும், சூடு அதிகம் ஏறுவதும் அங்கேதான். அதனால் லீவர் நன்றாக இருந்தாலும் வருடம் ஒருமுறை எண்ணெயை மாற்றுகிறேன். இரண்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள், சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். எஸ்ராம் நிறுவனம் பல வருடம் டாட்தான் கொடுத்தது, 2024இல் வந்த மேவன் பிரேக்கில் மினரல் ஆயில். ஆகவே பிராண்டை வைத்து ஊகிக்காமல் லீவரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

ஒருநாள் அவசரத்தில் செயினுக்கு ஸ்பிரே அடித்தேன். துளி பின் டிஸ்கில் பட்டிருக்கிறது, கவனிக்கவில்லை. முதல் வளைவிலேயே பிரேக் அலறியது, வண்டி நிற்கவில்லை. டிஸ்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காப்பாற்றினேன். பேட் எண்ணெயைக் குடித்துவிட்டது. உப்புத்தாளால் தேய்த்தும் திரும்பவில்லை, தூக்கித்தான் போட வேண்டியிருந்தது. இப்போது துணியில் எண்ணெயை விட்டுத்தான் செயினைத் துடைக்கிறேன்.

புதுப் பேட் போட்டதும் நேராக இறக்கத்துக்குப் போகாதீர்கள். மிதமான வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு இருபது முறையாவது இறக்குங்கள், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், முழுக்க நிற்காமல். பேட்டின் பொருள் டிஸ்கில் சீராகப் படிந்தால்தான் பிடிப்பு வரும். வறண்ட பாதைக்கு ரெசின் பேட் அமைதியானது. மழைக்கும் நீண்ட இறக்கத்துக்கும் உலோகப் பேட் நிற்கும், ஈரத்தில் சத்தம் போடும். டிஸ்கில் ரெசின் பேட் மட்டும் என்று எழுதியிருந்தால் அதில் உலோகப் பேட் போடவே கூடாது.

சக்கரத்தைக் கழற்றி சைக்கிளைக் காரில் ஏற்றும்போது காலிப்பருக்குள் பேட்களுக்கு நடுவே ஸ்பேசர் (பிளாஸ்டிக் துண்டு) செருகுங்கள். இல்லாவிட்டால் யாராவது லீவரை அமுக்கி பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

உங்கள் எடை 95 கிலோவுக்கு மேல் என்றாலோ, பெரிய தாவல்களும் நீண்ட இறக்கங்களுமே உங்கள் ஓட்டம் என்றாலோ, 34ஐ விட்டுவிட்டு 36 பாருங்கள், பின்னாலும் 203 போடுங்கள். என் காட்டுப் பாதைகளுக்கு இந்த இரண்டும் போதும், மறுபடி வாங்கினாலும் இவைதான். ஷிமானோ கணக்கில் பேட் 0.5 மி.மீ., டிஸ்க் 1.5 மி.மீ. ஆகிவிட்டால் மாற்ற வேண்டும். நேற்று அளந்தேன், முன் டிஸ்க் 1.6இல் இருக்கிறது. இந்த மாதம் புதியது போட்டுவிடுவேன்.