இது என்ன ஆப்ஜெக்ட்? ஜாவாஸ்கிரிப்டில் வகை கண்டுபிடிக்க நாலு வழிகள்

யாரோ எழுதிய ஃபங்ஷன் எதையோ ஒன்றைத் திருப்பித் தருகிறது. டாக்குமென்டேஷன் கிடையாது. வந்தது அர்ரேயா (மதிப்புகளின் வரிசை), தேதியா, ப்ராமிஸா (பின்னால் வரப்போகும் மதிப்புக்கான ஆப்ஜெக்ட்)? இதைக் கேட்க நாலு வழி உண்டு. நாலும் ஒரே பதிலைச் சொல்லாது என்பதுதான் தொல்லை.

முதலில் கை போவது டைப்ஆஃப் (typeof) பக்கம். ஸ்ட்ரிங், நம்பர், பூலியன், ஃபங்ஷன் என்றால் சரியாகச் சொல்லிவிடும். எங்குமே டிக்ளேர் செய்யாத வேரியபிளைக் கொடுத்தாலும் எரர் வராது. அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அர்ரே, தேதி, மேப் (சாவி-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு) எல்லாமே அதற்கு வெறும் 'ஆப்ஜெக்ட்'தான். 'நல்' (null, மதிப்பே இல்லை என்று குறிப்பது) கூட அப்படித்தான். இது 1995-இல் மொழியோடு கூடப் பிறந்த பிழை. மதிப்போடு சேர்த்து வைத்த வகைக் குறியீட்டில் ஆப்ஜெக்டுக்கு 0 கொடுத்திருந்தார்கள். 'நல்'லின் பிட்டுகளும் எல்லாமே 0. பிற்பாடு திருத்தப் பார்த்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் தளங்கள் உடையும் என்று விட்டுவிட்டார்கள்.

இன்ஸ்டன்ஸ்ஆஃபிடம் (instanceof) 'இது என்ன?' என்று கேட்கவே முடியாது. 'இது மேப்தானா?' என்றால் ஆமாம், இல்லை என்று சொல்லும். ஆகவே யார் மேல் சந்தேகம் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஐஃப்ரேமிலிருந்து (பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கம்) வந்த அர்ரேயைக் காட்டினால் 'அர்ரே இல்லை' என்று சாதிக்கும். அந்த ஐஃப்ரேமுக்கென்று தனி அர்ரே கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டை உருவாக்கும் ஃபங்ஷன்) இருக்கிறதே! அர்ரேக்கு மட்டும் அர்ரே.இஸ்அர்ரே (Array.isArray) இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது; 2009-இல் ஜாவாஸ்கிரிப்ட் தரத்தின் ஐந்தாம் பதிப்பான இஎஸ்5-உடன் வந்தது.

கன்ஸ்ட்ரக்டர்.நேம் (constructor.name) நம் சொந்த கிளாஸ்களின் பெயரைச் சொல்லும். மினிஃபை செய்த, அதாவது அளவைக் குறைக்கச் சுருக்கிய கோடில் அந்தப் பெயரே 'டி' என்று சுருங்கியிருக்கும். ஆப்ஜெக்ட்.கிரியேட்டுக்கு (Object.create) 'நல்' கொடுத்து உருவாக்கியதில் கன்ஸ்ட்ரக்டரே இருக்காது, டைப்எரர்தான் கிடைக்கும். பிழை தேடப் போன இடத்தில் இன்னொரு பிழை.

என் ஓட்டு நாலாவது வழிக்கு: ஆப்ஜெக்ட்.ப்ரோட்டோடைப்.டுஸ்ட்ரிங்.கால் (Object.prototype.toString.call). தட்டச்சு செய்ய எரிச்சல்தான், ஆனால் அர்ரே, தேதி, ப்ராமிஸ், 'நல்' என்று பிரித்துச் சொல்கிறது, ஐஃப்ரேம் தாண்டியும் தடுமாறுவதில்லை. நேரடியாக டுஸ்ட்ரிங் என்று அழைத்தால் பலிக்காது. அர்ரேயும் தேதியும் தங்களுக்கென்று வேறொரு டுஸ்ட்ரிங் வைத்திருக்கின்றன. குறை என்றால், நாம் எழுதிய கிளாஸிலிருந்து உருவாக்கியதை வெறும் 'ஆப்ஜெக்ட்' என்றே சொல்லும். அப்போதுதான் கன்ஸ்ட்ரக்டர்.நேமிடம் போகிறேன். 2015-ஆம் ஆண்டுப் பதிப்பான இஎஸ்2015-க்கு அப்புறம் சிம்பல்.டுஸ்ட்ரிங்டேக் (Symbol.toStringTag) மூலம் எந்த ஆப்ஜெக்டும் பொய்ப் பெயர் சொல்லலாம் என்பதும் உண்மை. நடைமுறையில் அப்படிச் செய்பவர்கள் அபூர்வம்.

வகை தெரிந்த பிறகு உள்ளே பார்க்க கன்சோல்.லாக் போதும். டாம் (DOM) எலிமென்ட், அதாவது வலைப்பக்கத்தின் ஒரு உறுப்பு என்றால் மட்டும் கன்சோல்.டிர் (console.dir); லாக் அதை எச்டிஎம்எல் மரமாகக் காட்டும், ப்ராப்பர்ட்டிகள் தெரியாது. ஒரு எச்சரிக்கை: லாக் செய்த ஆப்ஜெக்டைப் பின்னால் விரித்தால், விரிக்கும் நேரத்து மதிப்புகள்தான் தெரியும். நடுவில் எதுவும் மாறுமோ என்ற சந்தேகம் இருந்தால் ப்ரேக்பாயின்ட் வைத்து நிறுத்தியே பாருங்கள்.