கேமரா மாற்றி வந்த சர்வே ட்ரோன்: படம் பிரமாதம், மட்டம்தான் வம்பு

கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலோடு கேமராவும் மாற்றி, சர்வீஸிலிருந்து ட்ரோன் திரும்பி வந்தாயிற்று. ஆர்டிகே (பறக்கும்போதே ஜிபிஎஸ் நிலையைச் சென்டிமீட்டர் அளவுக்குத் திருத்தும் முறை), 20 மெகாபிக்சல், மெக்கானிக்கல் ஷட்டர் வகை. மூடிக் கிடக்கும் ஆலை நிலங்களை மனை பிரிக்கவும் மண் வேலை கணக்கிடவும் இதை வைத்திருப்பவர்களுக்காக இந்தக் குறிப்பு.

80 மீட்டர் உயரத்தில் ஒரு பிக்சல் தரையில் சுமார் 2.2 செ.மீ. கிடைமட்டத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. தொல்லை முழுக்க உயரத்தில். வரைபடத்தில் மொத்த நிலமும் ஒரே அளவுக்குத் தூக்கியோ இறங்கியோ நிற்கும். ஜிபிஎஸ்ஸைத் திட்டிப் பயனில்லை. கேமரா நேர் கீழே பார்க்க, ஒரே உயரத்தில், தட்டை நிலத்தின் மேல் பறந்தால், லென்ஸின் குவியத் தொலைவில் உள்ள பிசகு எது, தரையின் உயரம் எது என்று மென்பொருளுக்குப் பிரிக்கத் தெரியாது. குவியத் தொலைவில் 0.1 சதவீதம் பிசகினால் உயரத்தில் 8 செ.மீ. போகும். 4 ஹெக்டேரில் அது 3,200 கன மீட்டர் மண். 10 கன மீட்டர் டிப்பரில் 320 நடை! மென்பொருளின் ரிப்போர்ட்டில் மட்டும் பிழை சொற்பமாகத் தெரியும், ஒப்பிட்டது தரையோடு அல்ல, கேமரா நிலைகளோடுதானே.

கேமரா மாறினால் பழைய கேலிபிரேஷன் ஃபைலை (லென்ஸின் அளவுகள் பதிந்தது) தூக்கிப் போடுங்கள். நாலு மூலைக்கும் நடுவுக்குமாக 5 ஜிசிபி (தரையில் குறியிட்டு, இடமும் உயரமும் அளந்து வைத்த புள்ளி) வையுங்கள். கணக்கில் சேர்க்காத சோதனைப் புள்ளிகள் மூன்று நான்கு தனியாக இருக்கட்டும். வழக்கமான ஓட்டம் முடிந்ததும் கேமராவை 30 டிகிரி சாய்த்து, குறுக்காக இன்னொரு ஓட்டம். இதிலேயே பாதி வம்பு அடங்கும்.

குறியைக் கான்கிரீட் தளத்தில் பெயிண்டால் போடுவதே உத்தமம். இடிபாட்டுக் குவியல்மேல் பலகை வைத்தால் நகர்ந்துவிடும். தகரக் கொட்டகை, உயர்ந்த சுவர் ஓரத்தில் ரோவர் (புள்ளிகளை அளக்கக் கையில் கொண்டு நடக்கும் ஜிபிஎஸ் கருவி) துல்லியம் கிடைத்துவிட்டதாக ‘ஃபிக்ஸ்’ காட்டும். ஆனால் சிக்னல் பட்டுத் தெறித்து வந்து உயரத்தைக் கெடுத்திருக்கும். அரை மணி கழித்து அதே புள்ளியை மறுபடி அளந்தால் குட்டு வெளிப்படும். ட்ரோனையும் கம்பி போட்ட தளத்திலிருந்து கிளப்ப வேண்டாம், திசைகாட்டி அடம்பிடிக்கும்.

அடுத்தது புதர். கேமரா பார்ப்பது இலையின் தலையை, மண்ணை அல்ல. மென்பொருளில் ஃபில்டர் போட்டு மரத்தை நீக்கலாம். ஆனால் அடர்ந்த புதருக்கு அடியில் தரைப் புள்ளி ஒன்றுகூட இருக்காது. மென்பொருள் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கோடிழுத்து நிரப்பிவிடும். நடுவில் பழைய இயந்திரக் குழி இருந்தாலும் வரைபடத்தில் சமதளம்தான். தேங்கிய தண்ணீரும் இப்படியே: அலை அலையாகக் கற்பனைத் தரை. புதரை வெட்டிய பின் பறங்கள். முடியாவிட்டால் அந்தப் பகுதியில் ரோவரோடு 10 மீட்டர் கட்டமாக நடக்க வேண்டும், தள விளிம்புகளில் தனிப் புள்ளிகள் எடுத்து. லேசர் ஒளியால் அளக்கும் லைடார் ஓரளவு உதவும், ஆனால் இலை இடுக்கு இல்லாத இடத்தில் அதற்கும் வழியில்லை.

எதிர்பாராத லாபம் ஒன்று உண்டு. வறண்ட பருவத்து ஆர்த்தோ படத்தை (பல படங்களை அளவு திருத்தி ஒட்டிய மேல்பார்வைப் படம்) பழைய ஆலை பிளானோடு பொருத்திப் பாருங்கள். அடியில் பவுண்டேஷன் இருக்கும் இடத்தில் புல் முந்தி மஞ்சளிக்கும். பழைய வடிகால் தோண்டி மூடிய தடம் பச்சைக் கோடாக நிற்கும். பிளானில் இல்லாத சுவர்கூடத் தெரியவரும். சோதனைக் குழி எங்கே வெட்டுவது என்பதற்கு இதைவிட மலிவான வழிகாட்டி கிடையாது. கல்நார் ஷீட் கூரைமேல் ஆள் ஏறாமலே உடைசல்களை எண்ணிவிடலாம். தாழப் பறந்து தூசியைக் கிளப்பாமல் இருந்தால் சரி. மண்ணுக்குள் எண்ணெய் ஊறியிருக்கிறதா என்று இதைக் கேட்காதீர்கள், அதற்குத் துளையிட்டு மாதிரி எடுத்துத்தான் ஆக வேண்டும்.

வாங்கலாமா என்றால், இன்றைய எரிச்சலில், வேண்டாம். ட்ரோனை வாடகைக்கு எடுங்கள், கைக்காசில் ஒரு நல்ல ரோவர் வாங்குங்கள்.