ஏர் ரைபிளுக்கு எந்த எடை பெல்லட்? சேலத்திலும் ஏற்காட்டிலும் சுட்டுப் பார்த்த அனுபவம்

ஏர் ரைபிள் வாங்கப் போகிறவர்கள் எந்தத் துப்பாக்கி நல்லது என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். அதில் போட்டுச் சுடும் சின்ன ஈயக் குண்டான பெல்லட்டுக்கு மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த டின்னோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் இலக்கு அட்டையில் ஓட்டை எங்கே விழும் என்பதைப் பாதிக்கு மேல் முடிவு செய்வது அந்த டின்தான். அதில் முதலில் வரும் கேள்வி எடை. லேசானதா, நடுத்தரமா, கனமானதா? சில வருடங்களாக ஒரே துப்பாக்கியில் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுச் சுட்டு வருகிறேன். சேலத்தில் சூரமங்கலம் வீட்டு வராந்தாவில் 10 மீட்டர். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் மாமாவின் காபித் தோட்டத்தில் 25 மீட்டர்.

துப்பாக்கி இந்தியாவில் தயாரானது. 4.5 மி.மீ. துளையுள்ள குழல், குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ.க்கு மிகாத குழலும் 20 ஜூலுக்கு மிகாத சக்தியும் உள்ள ஏர் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. என்னுடையது 10 ஜூல் அளவில் நிற்கிறது. அட்டையில் சுட அது தாராளம். சக்தியைக் கணக்கிடுவது சுலபம்: பெல்லட்டின் எடையைக் கிராமில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 2000 ஆல் வகுத்தால் ஜூல் வந்துவிடும். வேகம் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று டின்களைச் சொல்லிவிடுகிறேன். லேசானது ஆர்டபிள்யூஎஸ் நிறுவனத்தின் ஆர்10, 0.45 கிராம், அதாவது 7 கிரெயின். தலை தட்டையாக இருக்கும் போட்டி பெல்லட். நடுத்தரம் ஜேஎஸ்பி எக்ஸாக்ட், 0.547 கிராம், 8.44 கிரெயின், தலை உருண்டை. கனமானது அதே ஜேஎஸ்பியின் ஹெவி, 0.67 கிராம், 10.34 கிரெயின். நண்பர் ஒருவரின் க்ரோனோகிராஃபை, அதாவது பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவியை, இரவல் வாங்கி சேலத்தில் அளந்தபோது லேசானது நொடிக்கு 210 மீட்டர் வேகம் காட்டியது, நடுத்தரம் 190, கனமானது 165. கணக்குப் போட்டால் முதல் இரண்டும் 9.9 ஜூலை ஒட்டி வருகின்றன. கனமானது 9.1க்கு இறங்கிவிடுகிறது.

ஸ்பிரிங் துப்பாக்கிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்த எண்கள் தாமாகவே புரிந்துவிடும். ட்ரிகரை அழுத்தியதும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. பிஸ்டன் முன்னால் இருக்கும் காற்றை நசுக்குகிறது. அந்த அழுத்தம் போதுமான அளவுக்கு ஏறியதும் பெல்லட் கிளம்புகிறது. அந்தக் கடைசி நொடித்துணுக்கில் பிஸ்டனுக்கு முன்னால் மிச்சமிருக்கும் காற்றுதான் அதற்கு மெத்தை. பெல்லட் லேசாக இருந்தால் சீக்கிரமே கிளம்பிவிடும், மெத்தையும் கூடவே ஓடிவிடும், பிஸ்டன் சிலிண்டரின் முகப்பில் போய் மோதும். பெல்லட் கனமாக இருந்தால் அது நகரத் தயங்குகிற நேரத்தில் அழுத்தம் மிகுந்து, பிஸ்டனையே பின்னுக்குத் தள்ளிவிடும். அப்படிப் பின்வாங்குவதில் வீணாகும் சக்திதான் மேலே குறைந்த அந்த 0.8 ஜூல்.

இரண்டையும் கையாலேயே உணரலாம். லேசான பெல்லட் போட்டால் தோளில் சுருக்கென்று ஓர் உதறல், கூடவே டக்கென்று உலோகச் சத்தம். நாள் முழுக்க அப்படிச் சுட்டால் ஸ்டாக்கை, அதாவது தோளில் அணைக்கும் கட்டையை, பிடித்திருக்கும் திருகுகள் தளர்ந்துவிடும். கனமானதைப் போட்டால் சத்தம் அமுங்கியே இருக்கும், ஆனால் துப்பாக்கி முன்னும் பின்னுமாக இரண்டு முறை அசையும். நடுத்தரத்தில் ஒரே தள்ளல்தான், மழுங்கலான ஒரு தட்டு, அதோடு முடிந்தது. எடை எது சரி என்று யாராவது கேட்டால், அட்டையைப் பார்க்கும் முன் கன்னத்தை ஸ்டாக்கில் வைத்து அந்தத் தட்டைக் கவனியுங்கள் என்றுதான் சொல்வேன்.

பெட்டிமேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வேகத்தை நம்பிப் பலர் லேசான பெல்லட் பக்கம் போகிறார்கள். அந்த வேகத்தைப் பெரும்பாலும் ஈயம் கலக்காத, மிக லேசான உலோக பெல்லட்டை வைத்து எடுத்திருப்பார்கள். ஒலியின் வேகமான 343 மீட்டரை நெருங்கினால் இடுப்பு ஒடுங்கிய இந்த வடிவ பெல்லட் தள்ளாடத் தொடங்கிவிடும். அட்டையில் சுடுகிறவருக்கு அந்த வேகத்தால் ஒரு பயனும் இல்லை. 10 மீட்டர் போட்டி ரைபிள்களே 0.53 கிராம் பெல்லட்டை நொடிக்கு 170 மீட்டர் சுமாருக்குத்தான் அனுப்புகின்றன. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் வெண்கலம் வாங்கியதும் இந்த 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில்தான். அதில் 10 புள்ளிக்கான வட்டம் வெறும் 0.5 மி.மீ. பெல்லட்டின் விட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கு!

சரி, அட்டைக்கு வருவோம். வராந்தாவில் 10 மீட்டரில் எடையால் வரும் ஏற்றத்தாழ்வு சிறியதுதான். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை நடுத்தரத்துக்கு ஏற்பச் சரிசெய்துவிட்டுக் கனமானதைப் போட்டால் அரை சென்டிமீட்டருக்குள் கீழே விழும். லேசானது கொஞ்சம் மேலே. மூன்றும் நல்ல குரூப்தான் கொடுத்தன, அதாவது ஓட்டைகள் நெருக்கமாகவே விழுந்தன. தட்டைத் தலை பெல்லட் அட்டையைப் பஞ்ச் போட்டதுபோல் வட்டமாக வெட்டுவதால் புள்ளி எண்ண வசதி. உருண்டைத் தலை ஓரத்தைக் கிழித்துவிடும். வீட்டில் 10 மீட்டர் மட்டும் சுடுகிறவர், போட்டி ரைபிளில் போடும் அந்த 0.53 கிராம் எடையில் தட்டைத் தலை வாங்கினால் போதும். இதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை.

மலையில் கதை வேறு. சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போனால் 1500 மீட்டர். அழுத்தத்தையும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்தால் மேலே காற்றின் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. பறக்கிற பெல்லட்டுக்கு அது நல்லதுதான், தடை குறைகிறது. பிஸ்டனுக்குத்தான் சிக்கல். சிலிண்டருக்குள் அடைபடுவதும் அதே மெல்லிய காற்று என்பதால் மெத்தையும் மெலிந்துவிடுகிறது. சேலத்தில் பரவாயில்லை என்று தோன்றிய லேசான பெல்லட், தோட்டத்தில் சுடும்போது அந்த டக் சத்தத்தைத் தெளிவாகக் கூட்டிக் காட்டியது. வேகமும் சில மீட்டர் இறங்கியது. அங்கே நான் அதைப் போடுவதை நிறுத்திவிட்டேன்.

இன்னொன்று காற்று. தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு சரிவு இருக்கிறது, அதன் முடிவில் ஆளுயர மண்மேடு. மேட்டின்முன் பழைய துணி அடைத்த இரும்புப் பெட்டி, அதில் அட்டை. மதியத்துக்குமேல் பள்ளத்தாக்கிலிருந்து பக்கவாட்டில் காற்று ஏறிவரும். சில்வர் ஓக் இலையின் வெள்ளை அடிப்பக்கம் திரும்பித் தெரிந்தால் 25 மீட்டரில் தட்டைத் தலை பெல்லட் விரலளவு விலகுவது சாதாரணம். உருண்டைத் தலை நடுத்தரம் அதைவிடக் குறைவாக விலகும். கனமானது காற்றுக்கு இன்னும் நன்றாக ஈடுகொடுக்கும், ஆனால் இந்தத் துப்பாக்கியில் அது நடுத்தரத்தைவிட ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது. தூரத்தை 5 மீட்டர் தவறாகக் கணித்துவிட்டாலே இலக்கு போச்சு. சக்தி கூடிய துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஹெவி பொருந்தலாம். 10 ஜூல் ஸ்பிரிங்குக்கு அது சுமைதான்.

மண்மேட்டைச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். பின்னால் தடுப்பு இல்லாமல் ஒரு பெல்லட்கூடப் போகக்கூடாது. காபி பறிக்கிறவர்கள் வரிசைக்கு நடுவே குனிந்து நிற்பார்கள், தூரத்திலிருந்து தலை தெரியாது. சேர்வராயன் மலையில் காட்டெருமை தோட்டத்துக்குள் வருவது வழக்கம். வந்தால் துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுவதுதான் முறை. காட்டு உயிர்களை வேட்டையாடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பறவையோ முயலோ, எதன்மேலும் இதை நீட்டக்கூடாது.

எடை என்று பேசும்போது டின்மேல் எழுதியிருக்கும் எண்ணைப் போலவே முக்கியமானது, டின்னுக்குள் இருக்கும் பெல்லட்டுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது. இதைப் பார்க்கச் சேலத்தைவிட நல்ல ஊர் கிடைக்காது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் மூன்று தசமம் காட்டும் தராசு இருக்கிறது, சுற்றிலும் கண்ணாடி மூடி. மின்விசிறியை நிறுத்திவிட்டு, பெல்லட்டைச் சிமிட்டாவால் பாவாடை ஓரம், அதாவது விரிந்த பின்பக்க விளிம்பு, நசுங்காமல் எடுத்து வைத்தோம். நல்ல டின்னில் பெரும்பாலானவை 0.544க்கும் 0.550க்கும் நடுவே நின்றன. அப்புறம் பெயரில்லாத மலிவு டின் ஒன்றைத் திறந்தோம். 0.50, 0.53, 0.57 என்று எண் குதித்தது. அண்ணன் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது வார்ப்பே சரியில்லீங்க. பாவாடை ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் தகடு மாதிரி இருக்குது."

"வேகமும் அப்படித்தாங்கண்ணா ஏறி இறங்குது."

"கொலுசுல இப்படி எடை தள்ளுனா வாங்குறவங்க விடுவாங்களா?"

கணக்கு இதுதான். ஸ்பிரிங் கொடுக்கும் சக்தி ஏறத்தாழ ஒன்றே என்பதால், எடை எத்தனை சதவீதம் கூடுகிறதோ ஏறத்தாழ அத்தனை சதவீதம் பெல்லட் கூடுதலாகக் கீழே இறங்கும். 25 மீட்டரில் நடுத்தர பெல்லட்டின் இறக்கம் 10 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நல்ல டின்னில் 1 சதவீத வேறுபாடு என்றால் 1 மி.மீ., கண்ணுக்கே தெரியாது. மலிவு டின்னில் 0.50க்கும் 0.57க்கும் 14 சதவீதம். எவ்வளவு நிதானமாகப் பிடித்தாலும் ஓட்டைகள் மேலும் கீழுமாக 1.3 சென்டிமீட்டர் சிதறியே தீரும். புதிதாகச் சுடுகிறவர் இதைத் தன் கையின் குறை என்று நினைத்து மனம் தளர்ந்துவிடுவார். எனக்கு அதுதான் பெரிய வருத்தம். பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் ஸ்கோப்பில் பிடியுங்கள், பெல்லட்டில் வேண்டாம்.

வெளிநாட்டில் மேக்னம் ரிவால்வருக்குத் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்பவர்களும் இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். 1935இல் வந்த .357 மேக்னம் என்ற தோட்டா வகைக்கு 158 கிரெயின் குண்டு நெடுநாள் வழக்கம், வேகம் வேண்டுகிறவர்கள் 125க்கு இறங்குவார்கள். அங்கே கனமான குண்டு பக்கத்துத் தூரத்தில் மேலே போய் அடிக்கும். மெதுவான குண்டு குழலுக்குள் கூடுதல் நேரம் இருக்கிறது, அதற்குள் பின்னுதைப்பில் ரிவால்வரின் வாய் தூக்கிக்கொள்கிறது. என் ரைபிளில் கனமானது கீழே விழுகிறது, அங்கே மேலே ஏறுகிறது. எடையை மட்டும் தனியாக வைத்து எதையும் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பெல்லட் தலையின் விட்டமும் எடையோடு சேர்ந்தே வரும் விஷயம். ஒரே எடையில் 4.51, 4.52 மி.மீ. என்று தனித்தனி டின் கிடைக்கும். என் குழலில் 4.51 வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது, 4.52ஐக் கட்டைவிரலால் லேசாக அழுத்த வேண்டியிருக்கிறது. அந்த அழுத்தம் இருக்கும்போதுதான் வேகம் சீராக வருகிறது. வாங்கும் முன் நண்பர்களிடம் இரண்டு விட்டத்திலும் பத்துப் பத்து வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

பராமரிப்பில் பெரிதாக ஒன்றுமில்லை. ஏற்காட்டு மழைக்காலத்தில் திறந்து வைத்த டின்னில் பெல்லட்மேல் வெண்பொடி பூத்துவிடும், அதனால் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிடுகிறேன். ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ டம்ளரைத் தொடுவதில்லை. குழந்தைகள் கைக்கு டின் போகவே கூடாது.

இப்போது வராந்தாவுக்கு 0.53 தட்டைத் தலை, தோட்டத்துக்கு 0.547 உருண்டைத் தலை என்று இரண்டே டின்னில் நிலைத்துவிட்டேன். இரண்டின் எடையும் நெருக்கம் என்பதால் பிஸ்டனுக்கு வித்தியாசமே தெரிவதில்லை, ஸ்கோப்பில் ஓரிரு கிளிக் திருப்பினால் போதும். ஏர் பிஸ்டல் வைத்திருப்பவர்கள் என் முடிவை அப்படியே எடுக்க வேண்டாம். சக்தி குறைந்த பிஸ்டலில் பொதுவாக லேசான பெல்லட்தான் பொருந்தும். அப்புறம், ஒரே பெயரில் இரண்டு மூன்று டின் எடுக்கும்போது லாட் எண், அதாவது ஒரே தடவையில் தயாரித்ததைக் குறிக்கும் எண், ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பார்த்துவிடுங்கள். எண் மாறினால் சில சமயம் விழும் இடமும் மாறுகிறது, புது டின்னைத் திறந்ததும் ஸ்கோப்பை ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருக்கும்.