ஜென்டூவா, ஆர்ச்சா, ஃப்ரீபிஎஸ்டியா: ஒற்றை வரி பேட்சை வைத்து ஒரு கணக்கு

2024-இல் சி மொழிக் கம்பைலரான ஜிசிசியின் 14-ஆம் பதிப்பு வந்த கொஞ்ச நாளில் ஜென்டூ ஓடும் என் லேப்டாப்பில் ஒரு பழைய ஆடியோ டேக் கருவி கம்பைல் ஆகாமல் நின்றுவிட்டது. அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் அதுவரை வார்னிங் கொடுத்துவிட்டு விட்டுக்கொண்டிருந்த கம்பைலர், அந்தப் பதிப்பிலிருந்து எரர் என்று சொல்லி நிறுத்த ஆரம்பித்தது. போய்ப் பார்த்தால், வருஷக்கணக்காக யாரும் தொடாத ஒரு சி கோப்பின் தலையில், அந்த ஃபங்ஷனை அறிவிக்கும் ஸ்ட்ரிங்.ஹெச்சுக்கான இன்க்ளூட் வரி இல்லை, அவ்வளவுதான் விஷயம். ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

அந்த ஒரு வரி (இப்படிப்பட்ட திருத்தத்தைத்தான் பேட்ச் என்பார்கள்) என் கணினியில் நிலைக்க எவ்வளவு பாடு, மற்றவர்களுக்கும் போய்ச் சேர எவ்வளவு பாடு என்பதை வைத்தே ஜென்டூ, ஆர்ச் என்ற இரண்டு லினக்ஸ்களையும், யூனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டியையும் பார்க்கலாம். எது வேகம், எது கெத்து என்ற சண்டைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலில் சொந்தக் கணினி. மென்பொருள் தொகுப்புகளைப் பெரும்பாலும் நம் கணினியிலேயே கம்பைல் செய்து நிறுவுவது ஜென்டூ வழக்கம், அதைச் செய்யும் கருவி போர்ட்டேஜ். அங்கே ஈடிசி, போர்ட்டேஜ் என்று டைரக்டரிகளுக்கு உள்ளே போனால் பேட்சஸ் என்று ஒரு டைரக்டரி வைத்துக்கொள்ளலாம். அதற்குள் தொகுப்பின் பிரிவு, பெயர் இரண்டுக்கும் டைரக்டரி போட்டு பேட்ச் கோப்பை வைத்தால் போதும், தொகுப்பைக் கட்டும் செய்முறைக் கோப்பான ஈபில்டைத் தொடவே வேண்டாம், அடுத்த முறை எமர்ஜ் கட்டளை கொடுக்கும்போது போர்ட்டேஜ் தானே எடுத்து ஒட்டிக்கொள்ளும். புதுப் பதிப்பு வந்தாலும் ஒட்டும். ஒட்ட முடியாவிட்டால் பில்டை நிறுத்திவிடும், அதுவும் நல்லதுதான். பெரும்பாலும் அப்ஸ்ட்ரீமிலேயே, அதாவது மென்பொருளை எழுதுகிறவர்களே, சரிசெய்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஆர்ச்சில் அதிகாரபூர்வத் தொகுப்புகள் கட்டி முடித்த பைனரியாகத்தான் பேக்மேன் என்ற நிறுவும் கருவி வழியாக வரும். பேட்ச் போட வேண்டுமென்றால் அந்தத் தொகுப்பின் செய்முறைக் கோப்பான பிகேஜிபில்டை இறக்கி, பேட்சைச் சேர்த்து, மேக்பேக்கேஜ் கருவியை ஓட்டி நிறுவ வேண்டும். பிகேஜிபில்ட் வாசிக்க மிக எளிது, ஈபில்டைவிட எளிது என்றே சொல்வேன், அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். ஆனால் அடுத்த பதிப்பு வந்ததும் பேக்மேன் உங்கள் பேட்சின் மேலேயே புதுசைப் போட்டுவிடும். அதைத் தடுக்க இக்னோர் பட்டியலில் சேர்த்தால், அந்தத் தொகுப்புக்கு அப்டேட்டே வராது.

ஃப்ரீபிஎஸ்டியின் செய்முறைத் திரட்டான போர்ட்ஸ்தான் இந்தக் குடும்பத்தில் மூத்தது. ஜென்டூவைத் தொடங்கிய டேனியல் ராபின்ஸ் அதைப் பார்த்துத்தான் போர்ட்டேஜை உருவாக்கினார், பெயரே காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு போர்ட்டும் ஒரு மேக்ஃபைல், அதாவது கட்டும் வழிமுறைக் கோப்பு. அதன் ஃபைல்ஸ் டைரக்டரிக்குள் பேட்ச் என்று தொடங்கும் பெயரில் கோப்பை வைத்தால் அதுவும் தானாக ஒட்டிக்கொள்ளும். சிக்கல் வேறு இடத்தில். பெரும்பாலானோர் பிகேஜி என்ற நிறுவும் கருவி வழியாகப் பைனரிதான் போடுகிறார்கள், அது காலாண்டுக் கிளையிலிருந்து வரும். நீங்கள் கிட் கருவியால் இழுத்த போர்ட்ஸோ ஓயாமல் மாறும் மெயின் கிளை. இரண்டையும் கலந்தால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் லைப்ரரிப் பதிப்புகள் முட்டிக்கொள்ளும். ஒழுங்காகச் செய்கிறவர்கள் பூத்ரியேர் என்ற கருவியை வைத்து எல்லாத் தொகுப்பையும் தாங்களே ஜெயில் என்ற தனித்த சூழலுக்குள் கட்டிக்கொள்கிறார்கள். நாலைந்து சர்வர் வைத்திருப்பவருக்கு அது சரி, ஒற்றை லேப்டாப்புக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

இங்கே ஜென்டூவுக்கு நான் கொடுக்கும் விலையையும் சொல்லிவிட வேண்டும். கம்பைல் நேரம். என் எட்டு ஜிபி ராம் லேப்டாப்பில் ஆரம்பத்தில் ஆசையாக ஒரே நேரத்தில் எட்டு கம்பைல் வேலையை (ஜாப்) ஓட விட்டு, வெப்கிட் என்ற பிரவுசர் எஞ்சின் பாதியில் மெமரி தீர்ந்து கர்னல் கம்பைலரையே கொன்றுபோட்டது. ஒரு ஜாபுக்கு இரண்டு ஜிபி என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. மே மாத மதியத்தில் எல்எல்விஎம் என்ற பெரிய கம்பைலர் தொகுப்பைக் கட்டினால் லேப்டாப்பின் அடிப்பக்கத்தில் தோசை வார்க்கலாம். நடுவில் கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்தால் எமர்ஜில் ரெஸ்யூம் கொடுத்துத் தொடரலாம், ஆனால் பாதியில் நின்ற அந்தத் தொகுப்பு மட்டும் முதலிலிருந்துதான். 2023 டிசம்பரிலிருந்து ஜென்டூவே ஏஎம்டி64, ஆர்ம்64 என்ற இரு ப்ராசஸர் வகைகளுக்கும் நிறையப் பைனரி தர ஆரம்பித்தது பெரிய நிம்மதி. உங்கள் யூஸ் ஃபிளாக்குகள் (எந்தெந்த வசதியோடு கட்டுவது என்ற தேர்வுகள்) அவர்கள் கட்டியதோடு ஒத்துப்போனால் பைனரியை இறக்கும், இல்லாவிட்டால் கம்பைல் செய்யும். லிப்ரேஆபிஸை நான் இப்போது பைனரியாகவே எடுக்கிறேன், வெட்கமெல்லாம் இல்லை. போர்ட்டேஜின் அமைப்புக் கோப்பான மேக்.கான்ஃபில், மொழிகளுக்கான எல்10என் வரியில் தமிழுக்கான இரண்டெழுத்தைச் சேர்த்திருப்பதால் அதன் மெனுக்கள் தமிழிலும் கிடைக்கின்றன.

இந்தத் தொல்லை எதுவும் ஆர்ச்சில் கிடையாது. இரண்டு நிமிஷத்தில் அப்டேட் முடிந்துவிடும். வேலை நடந்தால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்பது முக்கியமில்லை என்பவர் இதற்கு மேல் யோசிக்காமல் ஆர்ச் போடலாம்.

சரி, அந்த வரி மற்றவர்களுக்குப் போவது எப்படி? இங்கேதான் மூன்றும் நன்றாகப் பிரிகின்றன.

பயனர்களே பிகேஜிபில்ட் போடும் ஆர்ச்சின் ஏயூஆர் களஞ்சியம் திறந்த வீடு. கணக்குத் தொடங்கி எஸ்எஸ்ஹெச் சாவியைக் கொடுத்தால் அன்றைக்கே உங்கள் பிகேஜிபில்ட் மேலே ஏறிவிடும், போடும் முன் யாரும் பார்ப்பதில்லை. அதுவே பலம், அதுவே ஓட்டை. 2018-இல் கேட்பாரற்றுக் கிடந்த அக்ரோரீட் என்ற பிடிஎஃப் வாசிப்பான் தொகுப்பை ஒருவர் தத்தெடுத்துத் தீங்கான ஸ்கிரிப்டைச் செருகினார். 2025 ஜூலையில் பிரவுசர் பேட்ச் என்ற பெயரிலேயே தீம்பொருள் வந்தது. பிகேஜிபில்டை வாசிக்காமல் என்டரைத் தட்டுகிறவர்கள்தான் அதிகம் என்பது போட்டவருக்கும் தெரிந்திருந்தது. அதிகாரபூர்வக் களஞ்சியத்தில் போடும் உரிமை பெறுவதோ வேறு கதை, ஏற்கெனவே இருக்கும் பராமரிப்பாளர்களின் ஆதரவும் வாக்கெடுப்பும் வேண்டும்.

ஃப்ரீபிஎஸ்டியில் கமிட் உரிமை, அதாவது நேரடியாக உள்ளே சேர்க்கும் உரிமை, இல்லாமலே ஒரு போர்ட்டுக்குப் பராமரிப்பாளராகலாம். பேட்சை பக்சில்லா என்ற பிழைப் புகார் தளத்தில் போட வேண்டும், பராமரிப்பாளர் இரண்டு வாரம் பதில் சொல்லாவிட்டால் ஒரு கமிட்டர் தானே எடுத்து உள்ளே சேர்க்கலாம் என்று விதியே இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த விதி அது. ஆனால் எடுக்க ஒரு கமிட்டருக்கு நேரம் இருக்க வேண்டுமே.

ஜென்டூ நடுவில் நிற்கிறது. புதிதாக ஒன்றைச் சேர்க்க 2019-இல் தொடங்கிய, பயனர்கள் பராமரிக்கும் குரு களஞ்சியம் இருக்கிறது. அங்கே டெவ் கிளையில் நீங்களே போடலாம், நம்பிக்கை பெற்ற பங்களிப்பாளர்கள் பார்த்து மாஸ்டருக்கு மாற்றுவார்கள். ஜென்டூவின் அதிகாரபூர்வக் களஞ்சியமான மெயின் ட்ரீயில் இருக்கும் தொகுப்பென்றால் ப்ராக்ஸி மெயின்டெய்னர் வழி: பொறுப்பு உங்களுடையது, உள்ளே தள்ளுகிறவர் ஒரு டெவலப்பர். முழு டெவலப்பராக வேண்டுமென்றால் வழிகாட்டி ஒருவர் வேண்டும், வினாத்தாளுக்கும் பதில் எழுத வேண்டும். (சாட்பாட் எழுதிய ஈபில்டை மட்டும் அனுப்பிவிடாதீர்கள், 2024 ஏப்ரலிலேயே கவுன்சில் தடைபோட்டாயிற்று.)

என் ஒற்றை வரிக்கு நடந்தது இது. ஜென்டூவின் பக்சில்லாவில் பில்ட் லாகோடு புகார் போட்டு பேட்சை இணைத்தேன். அன்று மாலையே ஒருவர், "அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பிவிட்டீர்களா?" என்று கேட்டார். இல்லை. அனுப்பிவிட்டு வந்தேன். பேட்ச் கோப்பின் தலையில் பக் இணைப்பையும் என்ன காரணம் என்பதையும் எழுதச் சொன்னார். எழுதினேன். பிறகு ஈபில்டில் பிழை தேடும் பிகேஜிசெக் கருவியை ஓட்டிப் பார்க்கச் சொன்னார், ஈபில்டில் டேபுக்குப் பதில் ஸ்பேஸ் வைத்திருந்தேன். ஒற்றை வரிக்கு மூன்று சுற்று! ஏயூஆரில் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் ஏயூஆரில் போட்டிருந்தால் அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்ப வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வந்திருக்காது, டெபியன் என்ற வேறொரு லினக்ஸ்காரர் ஒருவர் அதே வரியைத் தானே கண்டுபிடிக்க வேண்டியிருந்திருக்கும்.

நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸை ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். அங்கேயும் பேட்சை அழகாகச் செருகலாம், ஆனால் அதற்கு முன் ஒரு புது மொழியே படிக்க வேண்டும். நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

என் வரி மெயின் ட்ரீக்குப் போனதும் பேட்சஸ் டைரக்டரியிலிருந்து அழித்துவிட்டேன். அடுத்த வருஷம் ஜிசிசி 15 வந்து சி மொழியின் புதிய தரமான சி23-ஐ இயல்பாக்கியது, அதே கருவி மறுபடி நின்றது. இந்த முறை ஒரு ஃபங்ஷனின் காலி அடைப்புக்குறி. டைரக்டரியை மறுபடி போட்டாயிற்று.