வாயுக் கசிவைத் தேடும் லேசர்: கையில் ஏந்துவதா, வானிலிருந்து பாய்ச்சுவதா?

குழாயில் ஓடும் இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சமையல் சிலிண்டரில் இருப்பது வேறு வாயு, அது கசிந்தால் வரும் நாற்றமும் எச்சரிக்கைக்காக வேண்டுமென்றே சேர்த்ததுதான். நெடுந்தொலைவுக் குழாய்கள் பலவற்றில் அதைச் சேர்ப்பதில்லை. 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில், நகரம் என்ற கிராமத்தில், குழாயிலிருந்து கசிந்த எரிவாயு விடிகாலையில் பற்றி எரிந்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். கசிவு தேடும் கருவிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர்தான் நினைவுக்கு வருகிறது.

கைக்கருவியை முதலில் பார்ப்போம். மீத்தேன் விழுங்கும் 1.65 மைக்ரான் அலைநீள லேசரைச் சுவரிலோ தரையிலோ அடித்து, திரும்பி வரும் ஒளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அது அளக்கும். சுமார் 30 மீட்டர் வரை எட்டும். பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றபடியே உள்ளிருக்கும் வால்வைச் சோதிக்கலாம். ஆனால் அது காட்டும் எண் 'பிபிஎம்-மீட்டர்': காற்றின் பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு மீத்தேன் (பிபிஎம்) என்பதை, ஒளி கடக்கும் தூரத்தால் பெருக்கியது. ஒரு மீட்டர் அகலத்தில் 1000 பிபிஎம் இருந்தாலும், 20 மீட்டருக்கு 50 பிபிஎம் பரவியிருந்தாலும் ஒரே அளவுதான் காட்டும். நல்ல காற்றிலேயே 1.9 பிபிஎம் அளவுக்கு மீத்தேன் உண்டு. 30 மீட்டருக்கு அதுவே 57 ஆகிவிடும். இதை அறியாதவர் கையில் கருவி இருந்தால் வீண் பீதிதான் மிஞ்சும். வானத்தை நோக்கிப் பிடித்தால் ஒளி திரும்பாது, தேங்கிய நீரிலும் சரியாகத் திரும்பாது.

ஹெலிகாப்டர் லேசர் இரண்டு அலைநீளங்களை அடுத்தடுத்துப் பாய்ச்சும். ஒன்றை மீத்தேன் விழுங்கும், மற்றதை விடும். செம்மண்ணோ புல்லோ இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் திருப்புவதால், மிஞ்சும் வித்தியாசம் வாயுவினுடையது. ஜெர்மனியில் குழாய்த்தடங்களை இப்படிப் பறந்து சோதிக்கிறார்கள். செலவு அதிகம், காற்று பலமாக வீசினால் சிறு கசிவு கலைந்துவிடும். ஆனாலும் ஆள் நடந்து முடிக்க வாரக்கணக்காகும் தடத்தை ஒரே நாளில் முடித்துவிடும்.

அகச்சிவப்புக் கேமராவுக்கு லேசரே வேண்டாம். கலிஃபோர்னியாவின் அலிசோ கேன்யன் நிலத்தடி எரிவாயுக் கிடங்கிலிருந்து 2015 அக்டோபர் முதல் 2016 பிப்ரவரி வரை ஏறத்தாழ 97,000 டன் மீத்தேன் வெளியேறியதே, கண்ணுக்குப் புலப்படாத அந்தப் புகைத்தூணை உலகுக்குக் காட்டியது அத்தகைய கேமராதான். வாயுவுக்கும் பின்புலத்துக்கும் வெப்ப வேறுபாடு இல்லையென்றால் மட்டும் அதற்கு ஒன்றும் தெரியாது.

எண்ணெய், எரிவாயு தேடுவது வேறு கதை. கடலில் புறஊதா லேசர் பட்டதும் எண்ணெய்ப் படலம் ஒளிர்வதால், அடியிலிருந்து ஊறி வரும் இடத்தைக் கண்டுகொள்ளலாம். நிலத்தில் மீத்தேனை மட்டும் நம்புவது ஆபத்து. காவிரி டெல்டாவில் எண்ணெய் வயலும் உண்டு, நெல்வயலும் உண்டு. தண்ணீர் நின்ற நெல்வயலே மீத்தேன் விடும். நிலத்தடி எரிவாயுவில் மீத்தேனோடு கலந்து வரும் ஈத்தேன் என்ற வாயுவை வயலின் நுண்ணுயிர்கள் அநேகமாக உண்டாக்குவதில்லை. அதனால் 3.3 மைக்ரானுக்கு அருகே ஈத்தேனையும் சேர்த்துப் படிக்கும் லேசரைத்தான் ஆய்வுக்கு எடுப்பேன். அப்போதும் வாயு பிளவுகள் வழியே பக்கவாட்டில் நகர்ந்து வந்திருக்கலாம் என்பதால், துளையிடும் முன், அதிர்வலைகளை அனுப்பி நிலத்தடிப் பாறை அமைப்பை அறியும் நில அதிர்வு ஆய்வு தேவைப்படும்.

ஊர்களுக்கு நடுவே ஓடும் குழாய்க்கு என் தேர்வு இது: வானிலிருந்து அடிக்கடி சோதனை, சந்தேகம் எழுந்த இடத்தில் அன்றைக்கே கைக்கருவியோடு ஆள்.